பஃப் ஷீட்டும் பழப் பூரணமும்: அடிப்பக்கம் ஏன் ஊறிப் போகிறது?

காரைக்குடியில் எந்த பேக்கரிக்குள் நுழைந்தாலும் கண்ணாடிப் பெட்டியில் முட்டை பஃப்ஸும் வெஜ் பஃப்ஸும் இருக்கும். பழம் வைத்த பஃப்ஸ் அநேகமாக இருக்காது, மாம்பழ சீசனில்கூட. தெரிந்த பேக்கரிக்காரர் ஒருவரிடம் இதைக் கேட்டேன். "பழம் வச்சா ரெண்டு மணி நேரத்துல அடி ஊறிடும்ணே. வாங்கிட்டுப் போனவங்க திரும்பி வந்து நிப்பாங்க" என்றார். அதற்கு மேல் பேச அவருக்கு நேரமில்லை, ஓவனில் தட்டு காத்திருந்தது.

எனக்கு இந்தக் கேள்வி வந்ததற்குக் காரணம் என் சித்தி மகள். வீட்டிலிருந்தே ஆர்டர் எடுத்துப் பலகாரம் செய்து கொடுக்கிறாள். சீயம், அதிரசம், மணகோலம், தீபாவளி என்றால் முறுக்கு. கோடை விடுமுறைக்கு ஊருக்கு வந்திருந்த ஒரு குடும்பம், பேத்தி பிறந்தநாளுக்கு மாம்பழம் வைத்த பஃப் 40 வேண்டும் என்று கேட்டிருக்கிறது. சாயங்காலம் ஆறு மணிக்குப் பரிமாறும்போது மொறுமொறுப்பு இருக்கணும். "நீங்கதான் இதெல்லாம் நோண்டிப் படிப்பீங்களே, பாத்துச் சொல்லுங்கண்ணே" என்று என்னிடம் தள்ளிவிட்டாள். முன்பணமும் வாங்கிவிட்டாள். ஒரு ஆர்டர் சொதப்பினால் அந்தத் தெருவில் அடுத்த ஆறு மாதத்துக்கு அதுதான் பேச்சாக இருக்கும்.

மாவை வீட்டில் செய்வது என்ற பேச்சே எடுக்கவில்லை. ஷீட் கடையில் வாங்குவது என்று முதலிலேயே முடிவு. ஏன் என்பதற்கு அந்த ஷீட்டுக்குள் என்ன இருக்கிறது என்று கொஞ்சம் பார்க்கணும்.

729 அடுக்கு

பிசைந்த மைதாவைப் போர்வை மாதிரி விரித்து, நடுவில் கட்டியான கொழுப்பை (வெண்ணெய் அல்லது மார்ஜரின்) வைத்து மூடுகிறார்கள். அதைத் தேய்த்து நீட்டி மூன்றாக மடிக்கிறார்கள். திருப்பிப் போட்டு மறுபடி தேய்த்து மறுபடி மூன்றாக மடிப்பு. ஒவ்வொரு மடிப்பிலும் கொழுப்பு அடுக்கு மூன்று மடங்காகப் பெருகும். பிரெஞ்சு முறைப்படி ஆறு மடிப்பு. 3, 9, 27, 81, 243, 729. அவ்வளவுதான் கணக்கு. ஆறே மடிப்பில் 729 கொழுப்பு அடுக்கு, இடையிடையே காகிதத்தை விட மெல்லிய மைதா.

நமக்கு இது புதிதில்லை. பரோட்டா மாஸ்டர் மாவை வீசி, எண்ணெய் தடவி, கொசுவம் மாதிரி மடித்துச் சுருட்டுவதும் இதே யோசனைதான். கல்லில் வெந்து வந்ததும் நாலைந்து பரோட்டாவை அடுக்கி இரண்டு கையாலும் பக்கவாட்டில் தட்டுவார், அடுக்கு பிரிவதற்காக. பஃப் ஷீட்டில் அந்தத் தட்டுகிற வேலையை நீராவி செய்கிறது. தண்ணீர் 100 டிகிரியில் ஆவியானால் அதன் கன அளவு ஏறத்தாழ 1,600 மடங்கு பெருகும். மாவில் இருக்கிற தண்ணீரும், வெண்ணெய் என்றால் அதில் இருக்கிற தண்ணீரும் ஆவியாகி மேலே கிளம்பப் பார்க்கும். கொழுப்பு அடுக்கு வழிவிடாது. ஆவி மேல் அடுக்கைத் தூக்கிக்கொண்டு எழும்பும், அதற்குள் மைதா வெந்து இறுகி அந்த உயரத்திலேயே நின்றுவிடும். ஈஸ்ட் கிடையாது, சோடா மாவும் கிடையாது.

இதற்கு ஒரே நிபந்தனை, ஓவனுக்குள் போகும்வரை கொழுப்பு கட்டியாக, தனி அடுக்காக இருக்கணும். முன்னாடியே உருகினால் மைதா அதைக் குடித்துவிடும். பிறகு எத்தனை டிகிரி வைத்தாலும் எண்ணெய்ப் பிசுக்கோடு ஒரு தடித்த பிஸ்கட்தான் வரும்.

இங்கேதான் நம்ம ஊர் வெயில் குறுக்கே வருகிறது. வெண்ணெய் 32 முதல் 35 டிகிரிக்குள் உருகிவிடும். காரைக்குடியில் மே மாத மதியம் 38 டிகிரி சாதாரணம், அடுப்பு எரியும் சமையலறையில் இன்னும் கூட. வெண்ணெயை வைத்து ஆறு முறை தேய்த்து மடிக்க ஏசி ரூம் வேண்டும். அதனால்தான் கடை ஷீட்.

கடை ஷீட்டில் அநேகமாக வெண்ணெய் இருக்காது. பேக்கரி மார்ஜரின் வெயிலைத் தாங்குவதற்காகவே கெட்டியாகத் தயாரிக்கப்படுவது. அதன் விலையை நாம் வாயில் கொடுக்கிறோம். வாய்க்குள் சூடு 37 டிகிரி. அதற்கு மேல் உருகும் கொழுப்பு வாயில் கரையாமல் மேலண்ணத்தில் மெழுகு மாதிரி ஒட்டும். ஆறிப்போன பஃப்ஸ் சாப்பிட்டவர்களுக்கு நான் எதைச் சொல்கிறேன் என்று தெரியும்.

இன்னொரு விஷயமும் உண்டு. 1937-ல் டால்டா வந்ததிலிருந்து நம்ம ஊர் பேக்கரி ருசி வனஸ்பதியோடு சேர்ந்தே வளர்ந்தது. பாதி ஹைட்ரஜன் ஏற்றிய எண்ணெயில் டிரான்ஸ் கொழுப்பு அதிகம், அது இதயத்துக்குக் கெடுதல். எஃப்எஸ்எஸ்ஏஐ இந்த அளவைப் படிப்படியாகக் குறைத்து, 2022 ஜனவரி முதல் எண்ணெய், கொழுப்புகளில் 2 சதவீதத்துக்கு மேல் கூடாது என்று வைத்திருக்கிறது. பாக்கெட் ஷீட் வாங்கினால் பின்பக்கம் டிரான்ஸ் ஃபேட் என்ற வரியைப் பாருங்க. இப்போது பெரும்பாலும் பாமாயில் சார்ந்த கொழுப்பு வருகிறது. அதிலும் நிறை கொழுப்பு அதிகம்தான். வீட்டில் ஸ்டென்ட் வைத்தவர்கள் இருந்தால் அவர்களுக்குப் பூரணத்தை மட்டும் ஒரு கிண்ணத்தில் கொடுத்துவிடலாம், தப்பில்லை.

எங்கே வாங்குவது

உறைந்த பாக்கெட் ஷீட் மதுரையின் பெரிய கடைகளில் கிடைக்கிறது. அங்கிருந்து காரைக்குடி சுமார் 90 கிலோமீட்டர், பஸ்ஸில் இரண்டு மணி நேரத்துக்குக் குறையாது. தெர்மோகோல் பெட்டியும் ஐஸும் இல்லாமல் கொண்டுவருவது வீண். வாங்கும்போது பாக்கெட்டைத் தொட்டுப் பாருங்க. ஷீட் வளைந்து கோணலாக உறைந்திருந்தாலோ, கவருக்குள் பனிக்கட்டித் துகள் நிறைய இருந்தாலோ, அது எங்கேயோ ஒருமுறை இளகி மறுபடி உறைந்திருக்கிறது. அதைத் தொட வேண்டாம்.

நான் சொல்வது வேறு வழி. பஃப்ஸ் போடும் உள்ளூர் பேக்கரியிலேயே சுடாத ஷீட்டைக் கேளுங்க. தினமும் போடுகிறவர்கள் முதல் நாளே சொல்லி வைத்தால் எடைக்குக் கொடுப்பார்கள். 10 செ.மீ. சதுரம், மூன்றரை மில்லிமீட்டர் கனம் என்றால் ஒன்று சுமார் 40 கிராம். நாற்பதுக்கு 1.6 கிலோ, சேதாரம் சேர்த்து 1.8. விடியற்காலையில் வாங்கி வந்து நேராக ஃப்ரிட்ஜில். என்ன கொழுப்பு போடுகிறார்கள் என்று கேட்கலாம், மறைக்க மாட்டார்கள்.

தண்ணீர்தான் பிரச்சினை

இப்போ பழத்துக்கு வருவோம். மாம்பழத்தில் 83 சதவீதம் தண்ணீர். ஆப்பிளில் 85, அன்னாசியில் 86, பப்பாளியில் 88. கொய்யாவில் 81. வாழைப்பழத்தில் 75, பலாச்சுளையில் 73 சுமார். பார்க்க கெட்டியாக இருக்கும் ஆப்பிளில்கூட இவ்வளவு. முட்டை பஃப்ஸில் வேகவைத்த முட்டை தன் தண்ணீரை விடாது, வெங்காய மசாலா ஏற்கெனவே வதங்கியது. அதனால் அவை தப்பித்துவிடுகின்றன.

பழம் இரண்டு முறை கெடுக்கிறது. முதல் முறை ஓவனுக்குள். சர்க்கரை பட்டதும் பழம் சாறு விடும், சாறு அடி மாவில் இறங்கும். ஈரம் இருக்கும்வரை அந்த இடம் 100 டிகிரியைத் தாண்டாது. மேல்பக்கம் பொன்னிறமாகி 'ஆச்சு' என்று காட்டும்போது அடிப்பக்கம் வேகாமல் கொழகொழவென்று இருக்கும். இரண்டாவது முறை, சுட்ட பிறகு. இதைத்தான் பேக்கரிக்காரர் சொன்னார்.

உணவு விஞ்ஞானத்தில் நீர்ச் செயல்பாடு என்று ஓர் அளவு இருக்கிறது. சுத்தமான தண்ணீருக்கு 1. புதுப் பழத்துக்கு 0.97க்கு மேல். மொறுமொறு பிஸ்கட்டுக்கு 0.3 சுமார். பொருளில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதைவிட, அதில் எவ்வளவு கட்டில்லாமல் திரிகிறது என்பதைச் சொல்லும் எண் இது. என் மாதிரி ஆட்களுக்கு வோல்டேஜ் என்று நினைத்துக்கொண்டால் புரியும். 0.97 இருக்கிற பூரணமும் 0.3 இருக்கிற மேலோடும் ஒட்டிக்கொண்டிருந்தால், இரண்டும் சமமாகும்வரை தண்ணீர் பூரணத்திலிருந்து ஓட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும். இதை நிறுத்த முடியாது. வேகத்தைக் குறைக்கலாம். பூரணத்தின் எண்ணைக் குறைப்பது ஒரு வழி, நடுவில் தடுப்பு போடுவது இன்னொரு வழி.

பூரணத்தின் எண்ணைக் குறைப்பது எப்படி என்று புத்தகத்தில் தேடிக்கொண்டிருந்தபோது, பக்கத்து வீட்டு ஆச்சி ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார்கள். "பூரணம் நீர்த்துக் கெடந்தா சீயம் எண்ணெயில வெடிச்சிரும் தம்பி. சுருள வரணும், கையில ஒட்டாம உருட்ட வரணும்." சீயத்தில் வேகவைத்த பருப்பு, வெல்லம், தேங்காய். வெல்லம் போட்டதும் இளகும், பிறகு கிளறக் கிளறச் சட்டியை விட்டு விலகிச் சுருண்டு வரும். தண்ணீர் பாதி ஆவியாகப் போகிறது, மிச்சத்தை வெல்லம் பிடித்து வைத்துக்கொள்கிறது. எண்ணெய்க்குள் போகும்போது வெடிக்க நீராவி போதாது. மீட்டர் இல்லாமல் கையாலேயே நீர்ச் செயல்பாட்டை அளக்கிறார்கள். செட்டிநாட்டுப் பலகாரத்தில் பொரிப்பதும் அவிப்பதும்தான் அதிகம், ஓவன் கிடையாது. ஆனால் பழ பஃப்ஸுக்கு வேண்டிய சூத்திரம் அந்தச் சட்டியில் ஏற்கெனவே இருக்கிறது.

பழனி பஞ்சாமிர்தமும் இதே கதைதான். (2019-ல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.) மலைவாழைப்பழம், சர்க்கரை, பேரீச்சை, கற்கண்டு, தேன், நெய், ஏலக்காய். ஒரு சொட்டுத் தண்ணீர் சேர்ப்பதில்லை. பழத்தின் ஈரத்தைச் சர்க்கரையும் தேனும் கட்டிவிடுவதால் ஃப்ரிட்ஜ் இல்லாமலே நிற்கிறது. கேரளத்துச் சக்க வரட்டி இன்னும் ஒரு படி மேலே, பலாச்சுளையை வெல்லத்தோடு மணிக்கணக்கில் வற்றவைத்தது. அதை ஒரு ஸ்பூன் அப்படியே ஷீட்டுக்குள் வைத்து மூடிச் சுடலாம், வேறு எந்த வேலையும் வேண்டாம். என்னைக் கேட்டால் மாம்பழத்தைவிட அதுதான் ருசி. பிறந்தநாள் குழந்தை ஒத்துக்கொள்ளவில்லை.

தராசு வைத்து வற்றவைப்பது

ஆச்சியின் கைப்பக்குவம் நமக்கு வர இருபது வருஷம் ஆகும். அதற்குப் பதில் தராசு. 500 கிராம் மாம்பழத் துண்டில் 415 கிராம் தண்ணீர், 85 கிராம் மற்றவை. 75 கிராம் சர்க்கரை சேர்த்தால் மொத்தம் 575. இதை 300 கிராமாக வற்றவைத்தால் 275 கிராம் தண்ணீர் போயிருக்கும், மிச்சம் 140. அதாவது பூரணத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவாகத் தண்ணீர். ஒப்பிட்டுப் பார்க்க, கடை ஜாமில் சட்டப்படி கரைந்த திடப்பொருள் 65 சதவீதமாவது இருக்கணும். நம்முடையது பழத்துக்கும் ஜாமுக்கும் நடுவில். ஜாம் அளவுக்குப் போனால் இன்னும் நன்றாகத் தாங்கும், ஆனால் மாம்பழ வாசனை போய் வெறும் இனிப்புதான் மிஞ்சும்.

காலிச் சட்டியை முதலில் எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்க. இருப்புச்சட்டி வேண்டாம், மாங்காய்ப் புளிப்பில் நிறம் கறுத்து இரும்பு வாசனை ஏறும். அகலமான எவர்சில்வர் வாணலி சரி, அகலம் கூடினால் சீக்கிரம் வற்றும். மாம்பழம் பங்கனபள்ளி, முழுசாகப் பழுக்காத செங்காயாக இருந்தால் நல்லது. அதில் புளிப்பும் பெக்டினும் கூட, துண்டு கரையாமலும் நிற்கும். சர்க்கரை கலந்து அரை மணி நேரம் வைத்தால் சாறு தனியாக இறங்கும். அந்தச் சாற்றை மட்டும் முதலில் வற்றவைத்து, பாகு மாதிரி ஆனதும் துண்டுகளைப் போடுங்க. மொத்தத்தையும் ஒன்றாகப் போட்டுக் கொதிக்கவிட்டால் துண்டு கூழாகிவிடும். கடைசியில் எலுமிச்சைச் சாறு சில சொட்டு, ஏலக்காய். சட்டியோடு எடை போட்டு 300 வந்ததும் இறக்கி, தட்டில் பரப்பி முழுசாக ஆறவிடணும். சூடான பூரணத்தை ஷீட்டில் வைத்தால் அந்த இடத்திலேயே கொழுப்பு உருகிவிடும்.

சோள மாவு கரைத்து ஊற்றுகிற பழக்கம் பல வீடியோக்களில் வருகிறது. அது சாற்றைக் கெட்டியாக்கும், ஓடவிடாது. ஆனால் தண்ணீர் உள்ளேயேதான் இருக்கிறது, நீர்ச் செயல்பாடு பெரிதாகக் குறையாது. உடனே சாப்பிட என்றால் போதும். ஆறு மணி நேரம் தாங்காது.

தடுப்புக்கு மேல்நாட்டில் பாதாம் பொடி தூவுவார்கள். நமக்குப் பொட்டுக்கடலை மாவு. பூரணம் வைக்கும் இடத்தில் அரை ஸ்பூன் தூவினால் கசியும் சாற்றைக் குடித்துக்கொள்ளும். முந்திரிப் பொடி ருசி கூடும், விலையும் கூடும்.

இதை மூன்று விதமாகச் செய்து பார்த்தோம். பச்சையாகச் சர்க்கரை புரட்டி வைத்தது, 400 கிராமுக்கு வற்றவைத்தது, 300க்கு வற்றவைத்துப் பொட்டுக்கடலை மாவு தூவியது. முதலாவது ஓவனிலிருந்து எடுக்கும்போதே அடி வேகவில்லை. இரண்டாவது மூன்று மணி நேரத்தில் தளர்ந்தது. மூன்றாவது நாலு மணி நேரம் மொறுமொறுவென்று இருந்தது, ஆறாவது மணியில் ஓரம் மட்டும். ஆக, காலையில் சுட்டுச் சாயங்காலம் பரிமாறுவது மூடிய பஃப்ஸில் நடக்காது. ஓட்டைத் தனியாகக் கிண்ணம் போலச் சுட்டு, பரிமாறும்போது பூரணம் வைக்கலாம். அதுதான் சுத்தமான தீர்வு, ஆனால் ஆர்டர் கொடுத்தவர்கள் பேக்கரி பஃப்ஸ் மாதிரி மூடியதே வேண்டும் என்றார்கள். சுடும் நேரத்தைத்தான் நகர்த்த வேண்டியிருந்தது.

ஓவனும் கரண்டும்

28 லிட்டர் ஓடிஜியில் ஒரு தட்டுக்குப் பத்து. 200 டிகிரி, 25 நிமிடம். நாலு தட்டு, முன்சூடு எல்லாம் சேர்த்து இரண்டேகால் மணி நேரம். மதியம் ஒன்றரைக்கு ஆரம்பித்தால் நாலு மணிக்குள் முடியும்.

1,500 வாட் ஓடிஜி 230 வோல்ட்டில் ஆறரை ஆம்பியர் இழுக்கும். நம்ம பக்கத்துப் பழைய வீடுகளில் அடுப்படியில் இருக்கும் சின்ன பிளக் 5 அல்லது 6 ஆம்பியர்தான். இரண்டு மணி நேரம் ஓட்டினால் பிளக் உருகும், பழைய வயரிங் என்றால் அதற்கு மேலும் ஆகும். 16 ஆம்பியர் பவர் பிளக்கில் மட்டும் போடுங்க, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடவே கூடாது. இன்னொன்று, சாயங்காலம் வோல்டேஜ் 190க்கு இறங்கினால் சூடு அதே விகிதத்தில் குறையாது, வர்க்கத்தில் குறையும். 190ஐ 230ஆல் வகுத்து வர்க்கப்படுத்தினால் 0.68. உங்கள் 1,500 வாட் அப்போது 1,020 வாட் சொச்சம்தான். கதவைத் திறந்து தட்டு வைத்ததும் இறங்கிய சூடு மறுபடி ஏற நேரமாகும், அதற்குள் கொழுப்பு உருகி வழிந்துவிடும். மதியம் சுட்டது இதனாலும் நல்லதாகப் போயிற்று.

மற்றதெல்லாம் சின்ன விஷயம். கத்தி கூர்மையாக இருக்கணும், மழுங்கின கத்தி ஓரத்தை நசுக்கி அடுக்கை ஒட்டிவிடும். முட்டையோ பாலோ மேல்பக்கம் மட்டும் தடவுங்க, வெட்டிய ஓரத்தில் வழிந்தால் அதுவும் பசைதான். மேலே இரண்டு கீறல் போட்டால் பூரணத்தின் ஆவி வெளியேறும். வெறும் தட்டை ஓவனுக்குள்ளேயே காயவைத்து, பஃப்ஸை பட்டர் பேப்பரோடு அதன்மேல் நகர்த்தினால் அடிப்பக்கம் உடனே வேக ஆரம்பிக்கும். சுட்டதைக் கம்பி வலைமேல் ஆறவிடணும். சூட்டோடு டப்பாவில் மூடினால் அதன் ஆவியே அதை ஊறவைத்துவிடும்.

நாற்பதுக்குப் பூரணம் தலைக்கு 25 கிராம் வீதம் ஒரு கிலோ. அதற்குத் துண்டு 1.7 கிலோ, முழுப் பழமாக மூன்று கிலோ, சர்க்கரை கால் கிலோ. பூரணத்தை முதல் நாளே செய்து ஃப்ரிட்ஜில் வைத்தாள். ஷீட் விடியற்காலையில் வந்ததும், வெயில் ஏறுமுன் ஐந்திலிருந்து ஏழு மணிக்குள் வெட்டி, வைத்து, மூடி, பத்துப் பத்தாக ஃப்ரீசரில். ஃப்ரீசரிலிருந்து இளகவிடாமல் நேரே ஓவனுக்கு, 25 நிமிடத்தோடு ஒரு ஐந்து நிமிடம் கூட. அதனால் ஒன்றரை மணி என்றிருந்ததை ஒரு மணிக்கே ஆரம்பித்தாள். நாலரைக்கு அட்டைப் பெட்டியில், மூடியைச் சற்றுத் திறந்து வைத்தபடி, ஆட்டோவில் போனது. முப்பத்தெட்டுதான் போனது. இரண்டு ஆச்சிக்கு. "பூரணம் சரியா வந்திருக்கு, மேல் மாவுதான் மேலண்ணத்துல ஒட்டுது" என்றார்கள். அடுத்த ஆர்டருக்கு மார்கழிக் குளிரில் வெண்ணெய் ஷீட் போட்டுப் பார்க்கலாம் என்று பேச்சு.